பெயர் நிரப்பாத கண்டனம்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று இன்னமும் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாடப்புத்தகத்தைத் திருத்த யாருக்கும் நேரமில்லை போலும். பல வருடங்களாகப் பூமி சுற்றிக்கொண்டிருப்பது ஒரு மர மேசையை. உலக ஒழுங்கு மன்றத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டை விட்டு இறங்கியதும் இடது பக்கம் இரண்டாவது அறையில் அந்த மேசை இருக்கிறது. அதற்கு ஒரு கால் சற்றுக் குட்டை. குட்டைக் காலுக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருப்பது ஓர் அமைதி ஒப்பந்தம். அதை அங்கே வைத்த நாளிலிருந்து மேசை ஆடவில்லை. சர்வதேசச் சட்டம் எதையும் தாங்கிப் பிடிப்பதில்லை என்று யாராவது சொன்னால், அவரை அழைத்து வந்து இதைக் காட்டலாம்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அடைமொழியார் என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உண்டு. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் புகுந்துவிட்டால் மன்றம் ஏதாவது சொல்லியாக வேண்டும். ‘கவலை’, ‘வருத்தம்’, ‘கண்டனம்’ போன்ற கனமான சொற்கள் நான்காவது மாடியிலிருந்து வரும். அந்தக் கவலை எத்தனை ஆழம், அந்தக் கண்டனம் எத்தனை வன்மை என்று அளந்து சொல்வது அடைமொழியாரின் வேலை. அவர் வருவதற்கு முன் மன்றத்தில் ‘கவலை’ இருந்தது, ‘ஆழ்ந்த கவலை’ இருந்தது, நடுவில் ஒன்றும் கிடையாது. ஒரு நாடு எல்லையைத் தாண்டி ஒரு கால் வைத்தாலும் ஒன்றரைக் கால் வைத்தாலும் ஒரே கவலைதான். அடைமொழியார் எட்டு மாதம் யாரோடும் பேசாமல் யோசித்தார். ஒன்பதாம் மாதம் ‘ஓரளவு ஆழ்ந்த கவலை’யைக் கண்டுபிடித்தார். அந்தச் சொல்லால் எந்தப் போரும் நின்றதாகத் தகவல் இல்லை. ஆனால் அதைப் பற்றி விவாதிக்க வைத்திருந்த கூட்டம் ஒன்று பாதியில் நின்றது. மன்றத்தின் வரலாற்றில் அதுவே பெரிய சாதனை என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

அவர் பேசுவது குறைவு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் தேநீர் ஆறிவிடும். மௌனத்தில் ஆழ்ந்திருக்கிறார் என்று மற்றவர்கள் மரியாதையாகச் சொல்வார்கள். எத்தனை ஆழம் என்று அளக்க அங்கே வேறு ஆள் இல்லை.

மன்றத்தின் அறிக்கைகளில் இரண்டு கோடிட்ட இடங்கள் இருக்கும். ‘அத்துமீறிய நாடு’ ஒன்று, ‘பாதிக்கப்பட்ட நாடு’ இன்னொன்று. முதலில் வாசகம் எழுதுவார்கள், பிறகு கையெழுத்தாகும், கடைசியில்தான் பெயர்களை நிரப்புவார்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் அல்லவா? யாரென்று தெரியாமல் கண்டிப்பதுதான் அப்பழுக்கில்லாத நடுநிலை. கையெழுத்துப் போடும் துணைச் செயலர் அம்மையார், பெயர் எழுதிய காகிதத்தைக் கையாலும் தொட மாட்டார். “பேரைப் பார்த்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சுடும்” என்பார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் மனசு ஒருமுறைகூடச் சாய்ந்ததில்லை. கையெழுத்தான காகிதத்தில் பெயர்களை எழுதுவதும் அடைமொழியாரின் பொறுப்புதான், அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால். பெயர்கள் மேலிடத்திலிருந்து சீட்டில் வரும். பார்த்து எழுத வேண்டியதுதான்.

முன்பெல்லாம் சீட்டு சீக்கிரம் வந்துவிடும். பெரிய நாடுகள் எவை, சின்ன நாடுகள் எவை என்று மேலிடத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தப்பு செய்தது சின்ன நாடு என்றால் அன்று மதியமே பெயர் வரும். பெரிய நாடு என்றால் ஒரு குழு அமைப்பார்கள், குழுவில் அந்த நாடே தலைமை தாங்கும், விஷயம் சுமுகமாக முடியும். ஆனால் உலக ஒழுங்கு மாறத் தொடங்கிவிட்டது. நேற்று வரை பெரியதாக இருந்தது இன்று இளைத்துப்போகிறது. நேற்று வரை கைகட்டி நின்றது இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறது. பட்டியலைத் திருத்துவதற்காக வாங்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை. யார் பெரியவர் என்று தெரியாமல் யார் தப்பு செய்தார் என்று எப்படிச் சொல்வது? இது சாதாரண மனிதர்களுக்கு விளங்காத சட்டச் சிக்கல்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெரிய நாடு ஒரு குட்டித் தீவுக்குள் புகுந்தது. அந்தப் பெரிய நாட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. மன்றமே சொல்லாததை ஒரு கதை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

தீவில் நல்ல தண்ணீருக்கு ஒரே ஓர் ஏரிதான். படை வந்து ஏரிக்கரையில் கூடாரம் அடித்தது. கரையோரம் இருந்த தபால் நிலையத்தை அலுவலகமாக்கிக்கொண்டது. வீட்டுக்கு நாளுக்கு மூன்று குடம் தண்ணீர் என்று விதித்தது. பிறகு அதுவே இரண்டானது.

தீவின் தூதர், தூதராவதற்கு முன் அங்கே பூகோள வாத்தியார். பிற நாடுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரையே அனுப்பியிருந்தார்கள். மன்றத்தில் எல்லோரும் அவரைத் தீவுக்காரர் என்றார்கள். தினமும் காலையில் பத்து மணிக்கு வந்து அடைமொழியாரின் எதிரில் உட்காருவார். ஒரு நிவாரணக் கப்பல் நிறையக் குடிநீரோடு பக்கத்துத் துறைமுகத்தில் காத்திருந்தது. பெயர்கள் நிரப்பிய அறிக்கை துறைமுகத்துக்குப் போனால்தான் நங்கூரம் எடுக்கலாம் என்பது விதி.

“சார், பேரு வந்துடுச்சா?”

“இன்னும் வரலை. ஆனா வாசகம் பிரமாதமா வந்திருக்கு, கேளுங்க. ‘மிக வன்மையாகவும், ஐயத்துக்கு இடமின்றியும் கண்டிக்கிறது.’ இந்த ‘ஐயத்துக்கு இடமின்றி’யை என் சர்வீஸ்லயே இப்பதான் முதல் தடவையா எடுத்திருக்கேன். உங்களுக்காக.”

“ரொம்ப நன்றி சார். யாரைக் கண்டிக்கிறோம்?”

“அதுதான் தெரியலை.”

தீவுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “அவங்க படைத்தளபதி சார். எங்க ஏரியில தூண்டில் போட்டுட்டு உட்கார்ந்திருக்கார். பின்னாடி அவங்க கொடி பறக்குது பாருங்க.”

அடைமொழியார் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “கொடி காத்துல எங்க வேணா பறக்கும் சார்.”

“சரி, அதை விடுங்க. பாதிக்கப்பட்டது நாங்கன்னாவது எழுதலாமே. அதுல என்ன தகராறு?”

அடைமொழியாருக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வாத்தியாராக இருந்தவர், சட்டம் தெரியாது, பாவம். “உங்க பேரை எழுதிட்டா உங்களை அடிச்சது யாருன்னு பச்சைக் குழந்தை கூடச் சொல்லிடும். அப்புறம் எங்க நடுநிலை என்ன ஆறது?”

தீவுக்காரர் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நடுநிலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. ஓரளவு ஆழ்ந்த கவலை.

வீட்டிலும் இதே பேச்சுத்தான். அடைமொழியாரின் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். சீட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, அதே பெயருள்ள மருந்தை எடுத்துக் கொடுக்கும் மிகச் சாதாரணமான வேலை. அதனால் அவருக்குப் பெரிய விஷயங்கள் புரிவதில்லை.

“என்னங்க, அந்தத் தண்ணிக் கப்பல் கெளம்பிடுச்சா?”

“பேரு வரணும்மா.”

“யாரு பேரு? அதான் டிவியில தெனம் காட்டறானே.”

“டிவி சொல்லலாம். சட்டம் சொல்லக் கூடாது.”

“ஏன், சட்டத்துக்குக் கண்ணு தெரியாதா?”

“அதுதாம்மா அதோட பெருமை.”

மனைவி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். “கையெழுத்து போட்ட காகிதம் உங்க மேசையில இருக்கு. பேனா உங்க பையில இருக்கு. அப்புறம் எதுக்குங்க காத்துட்டு இருக்கீங்க?”

அடைமொழியார் அன்றைய உப்பின் நிலை குறித்து மட்டும் கவலை தெரிவித்துவிட்டு எழுந்து போனார். ஆனால் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வி கூடவே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. இறங்கும் இடம் வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தீவுக்காரர் வரத் தொடங்கிய பதினோராம் நாள்தான் வரலாறு நிகழ்ந்தது. எல்லா வரலாறுகளையும் போல இதுவும் ஒரு காற்புள்ளியில் தொடங்கியது.

கையெழுத்தான அறிக்கையை அடைமொழியார் மறுபடி எடுத்துப் படித்தார். ‘மிக வன்மையாகவும்’ என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருந்தது. அது அங்கே இருந்தால் மன்றம் மூச்சு வாங்குவது போல் தோன்றாதா? கண்டிக்கும்போது மூச்சு வாங்குவது பலவீனம் அல்லவா? எடுத்துவிட்டால் அவசரம் தெரியும். அவசரம் பதற்றம் ஆகும், பதற்றம் ஒரு தரப்பு ஆகும். காகிதத்தைத் தட்டில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். கீழே வாகன நிறுத்தத்தில் ஒரு தூதரகத்தின் கார் இன்னொரு தூதரகத்தின் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. காவலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அடைமொழியார் அதைப் பார்த்துக்கொண்டே காற்புள்ளியைப் பற்றி நாற்பது நிமிடம் யோசித்தார்.

அவர் காகிதத்தை வைத்த தட்டு, தபால் பிரிவுக்குப் போக வேண்டிய தட்டு. தபால் பிரிவு அக்கா நான்கு மணிக்கு வருவார், தட்டில் இருப்பதை எடுப்பார், கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார், நகல் எடுத்து நூற்று எழுபத்தொரு உறுப்பு நாடுகளுக்கும் அனுப்புவார். உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பது அவர் பதவிக்கு மேற்பட்ட செயல். அடைமொழியார் ‘காற்புள்ளி இருக்கட்டும்’ என்ற முடிவோடு திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது.

“அக்கா! அந்தக் காகிதம்!”

“அனுப்பியாச்சு தம்பி.”

“ரெண்டு இடமும் காலியா இருந்துதே அக்கா!”

“அப்படியா? நான்கூட புது மாடல்னு நெனச்சேன்.”

அடைமொழியார் துணைச் செயலரின் அறைக்குப் போய் நின்றார். நடந்ததைச் சொல்லி முடிக்க அவருக்கு ஆறு நிமிடம் ஆனது, அதில் ஐந்து நிமிடம் மௌனம்.

“யாரைக் கண்டிக்கிறோம்னே இல்லாம போயிடுச்சா?” என்றார் அம்மையார்.

“ஆமா மேடம்.”

“கையெழுத்து யாருது?”

“உங்களோடது.”

அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “அப்ப அது தப்பில்லை. புது நடைமுறை.”

பதில்கள் அந்த வாரமே வரத் தொடங்கின. அடைமொழியார் முதல் உறையைப் பிரித்தார். ஒரு சிறிய மலைநாடு எழுதியிருந்தது: ‘மன்றத்துக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று விளங்கவில்லை. அந்த மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஆடுகள் மட்டும் வர மறுக்கின்றன. அவகாசம் தேவை.’ இன்னொரு நாடு, முப்பது வருடங்களுக்கு முன் பக்கத்து நாட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த கலங்கரை விளக்கத்தை மனப்பூர்வமாகத் திருப்பித் தருவதாகச் சொன்னது. அது காணாமல் போனதே பக்கத்து நாட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பாலத்துக்காக இரண்டு தலைமுறையாகச் சண்டை போட்ட இரு நாடுகள், ஒரே தேதியில் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு, பாலத்தை எதிரிக்கே விட்டுக் கொடுத்துவிட்டன. இப்போது பாலம் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் அதில் நடப்பதில்லை. படையே இல்லாத ஒரு நாடு, தன் படையை உடனே வாபஸ் பெறுவதாக உறுதியளித்தது. அதற்கு முன் ஒரு படையைத் திரட்ட மூன்று மாதம் அவகாசம் கேட்டிருந்தது.

பெரிய நாடும் எழுதியிருந்தது. அந்தக் கடிதம் நல்ல தடித்த காகிதத்தில் வந்தது. ‘மன்றத்தின் துணிச்சலான அறிக்கையை முழு மனதோடு வரவேற்கிறோம். இத்தகைய அத்துமீறல்களை உலகம் இனியும் பொறுக்கலாகாது. குற்றவாளி எந்த நாடாக இருந்தாலும், அங்கே அனுப்ப எங்கள் படை தயாராக இருக்கிறது.’ பிழையில்லாத நடை. அடைமொழிகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அடைமொழியார் தன்னை மறந்து ரசித்தார். பிறகு உறையைத் திருப்பினார், தபால் முத்திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடிதத்தை உறைக்குள் போட்டு அடுக்கின் அடியில் வைத்தார்.

பத்தொன்பதாம் நாள் சிறப்புக் கூட்டம் கூடியது. சுவரில் ‘மாறிவரும் உலக ஒழுங்கில் சர்வதேசச் சட்டத்தின் பங்கு’ என்று பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். துணைச் செயலர் அம்மையார் எழுந்தார்.

“நூற்று எழுபத்தொரு நாட்டுல நூற்று எழுபது நாடு பதில் சொல்லியிருக்கு. இதுவரைக்கும் பேரைப் போட்டு அனுப்பின எந்த அறிக்கைக்கும் மூணு பதிலுக்கு மேல வந்ததில்லை. பேரை எடுத்தோம், உலகமே வழிக்கு வந்துடுச்சு! சட்டத்துக்குப் பல்லு இல்லைன்னு சொன்னவங்க இப்ப எங்க இருக்காங்க?”

கைதட்டல் ஓய வெகுநேரமானது. அறிக்கையின் கோப்பை முடிக்க வேண்டும். முடிக்க வேண்டுமானால் விதிப்படி பெயர்களை நிரப்பியாக வேண்டும். மேலிடத்திலிருந்து சீட்டு வரவில்லை. இந்தக் கூட்டமே தீர்மானிக்கலாம் என்று ஒரு வரி வந்திருந்தது.

“பதில் சொல்லாத அந்த ஒரு நாடு எது?” என்றார் அம்மையார்.

தபால் பிரிவு அக்கா பட்டியலைப் பார்த்துச் சொன்னார். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த தீவுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். பெயர் வந்துவிட்டது என்று நினைத்து அவர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார்.

“உங்க நாடு மட்டும் ஏன் சார் பதில் அனுப்பலை?”

“எப்படி மேடம் அனுப்பறது? எங்க தபால் ஆபீஸே அவங்க கையில இருக்கு!” கூட்ட மேசைமேல் அடுக்கியிருந்த பதில் உறைகளை அவரே புரட்டினார், அடியில் இருந்ததை உருவினார். முத்திரையைக் கண்டதும் அவர் குரல் உயர்ந்தது. “இங்க பாருங்க! அவங்க உங்களுக்கு எழுதின கடுதாசி. முத்திரை யாருது? எங்களுது! எங்க ஊர் தபால் ஆபீஸ் முத்திரை மேடம்! இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?”

அம்மையார் உறையை வாங்கி நிதானமாகப் பார்த்தார். “அப்ப உங்க தபால் ஆபீஸ் நல்லாத்தான வேலை செய்யுது. நீங்களும் அனுப்பியிருக்கலாமே?”

தீவுக்காரர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். “நான் இப்பவே வாயால சொல்றேனே மேடம். எழுதிக்கூடத் தரேன்...”

“உள்நாட்டு முத்திரை இல்லாத பதில் செல்லாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“மேடம், என் பொண்ணு கைக்குழந்தையோட அங்க இருக்கா. இன்னிக்குக் காலையில போன்ல பேசினா. வீட்டுக்கு ஒரு குடம்தான் இப்ப. ஒரு குடம்!”

“வருத்தமா இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. நூற்று எழுபது நாடு வெக்கப்பட்டுப் பதில் சொல்லியிருக்கு. ஒரே ஒரு நாடு வாயே திறக்கலை. சட்டத்தை மதிக்காதது யாருன்னு இதைவிடத் தெளிவா யாரு சொல்ல முடியும்?” அம்மையார் அடைமொழியாரின் பக்கம் திரும்பினார். “முதல் இடத்துல எழுதிடுங்க.”

கையெழுத்தான மூலப் பிரதி அடைமொழியாரின் முன்னால் இருந்தது. அதில் அவர் எந்தப் பெயரை எழுதினாலும் அதுதான் சட்டம். அம்மையார் பெயர் உள்ள காகிதத்தைப் பார்க்க மாட்டார். அக்கா உள்ளே இருப்பதைப் படிக்க மாட்டார். எழுதியது துறைமுகத்துக்குப் போகும், கப்பல் கிளம்பும், யாரும் கவனிப்பதற்குள் தீவின் கரையைத் தொட்டுவிடும். இத்தனையும் அவருக்குத் தெரிந்தது. பேனாவைத் திறந்தார். அறையில் ஓர் ஓசையும் இல்லை. தீவுக்காரர் கெஞ்சவில்லை, அவரைப் பார்த்தபடி நின்றார், அவ்வளவுதான். அடைமொழியார் தன் வாழ்நாளில் எத்தனையோ மௌனங்களில் இருந்திருக்கிறார், இப்படி ஒரு மௌனத்தில் இருந்ததில்லை. அதன் அடியில் ஏதோ ஒன்று அசைந்தது. என்னவென்று குனிந்து பார்த்திருக்கலாம். ஆனால் பெயர்களைத் தேர்ந்தெடுப்பது தன் துறை இல்லை என்பது சரியான நேரத்தில் அவர் நினைவுக்கு வந்தது.

தீவின் பெயரை எழுதினார். முத்து முத்தாக.

“ரெண்டாவது இடம்?” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அம்மையார் யோசித்தார். “பாதிக்கப்பட்டது யாருன்னா... இந்தக் கடுதாசி எழுதினவங்கதான். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்து, முன்னப்பின்ன தெரியாத ஊர்ல, ஏரிக்கரைக் குளிர்ல கூடாரத்துல கிடக்கறாங்க. அந்த நிலைமையிலயும் மன்றத்துக்கு நாலு வரி எழுதணும்னு தோணியிருக்கு பாருங்க. கப்பல் அவங்களுக்கே போகட்டும்.”

ஏரியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கப்பல் நிறையக் குடிநீர் அனுப்புவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. அடைமொழியார் இரண்டாவது பெயரையும் எழுதினார். அக்கா காகிதத்தை எடுக்க வந்தார். தீவுக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, மேசைமேல் குனிந்து இரண்டு பெயர்களையும் படித்தார். இரண்டாவதன் மேல் விரலை வைத்தார். மை இன்னும் காயவில்லை.

“சார், பத்தொன்பது நாளா எழுதவே முடியாதுன்னு சொன்னீங்களே, இந்தப் பேருதான அது?”

அடைமொழியார் ஆமென்று தலையசைத்தார்.

“இல்ல, கேட்டேன்” என்றார் தீவுக்காரர். “எழுத ரெண்டு செகண்டுதான் ஆச்சு.”